பூக்கும் முன்னே பிடுங்கிய செடி

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் எழுத்தோடு எனக்கு இருந்த உறவு, பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிப்பதும் ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவதும்தான். ஞாபகமும் இப்போது பாதிதான் நிற்கிறது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பூப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டும் என்று ஆச்சி சொல்லிவிட்டார். காலேஜுப் பிள்ளைகள் படமெல்லாம் வரைந்து கொடுத்தாயிற்று. நான் மட்டும்தான் பாக்கி. நாலு பேர் முன்னால் வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்கு எழுதுவதே தேவலை.

ஆச்சி என்று நான் சொல்வது காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டுக்காரரை. காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் எனக்கு அவர் ஆச்சி, அவருக்கு நான் அக்கா. நான் மானகிரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். பிறந்தது கண்டரமாணிக்கம் பக்கம். பத்து வயதில் களை எடுக்க உட்கார்ந்தவள், முழங்கால் வலி வந்துதான் எழுந்தேன். அதற்கப்புறம் வயல்காட்டு வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. மாதம் ஒரு தடவை ஆச்சி வீட்டுப் பின்கட்டில் புல் பிடுங்கப் போவேன்.

அப்படி ஒரு நாள் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது, என் தங்கச்சியைத் தொண்டிக்குத் தெற்கே கடற்கரை ஊரில் கட்டிக்கொடுத்திருப்பதையும், அங்கே இருக்கிற காட்டுப் பூங்காவில் அவள் கூட்டிப் பெருக்கும் வேலை பார்ப்பதையும் ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி அந்தப் பூங்காவுக்குத்தான் நாலு வருசமாகக் காலேஜுப் பிள்ளைகளைப் பூப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறாராம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஞாயிற்றுக்கிழமை, வேனில். வேனில் ஒரு இடம் இருக்கிறது, தங்கச்சியையும் பார்த்த மாதிரி இருக்கும், வாரீகளா என்றார். பஸ் மாறி மாறிப் போகிற அலைச்சல் மிச்சம் என்றுதான் நான் ஏறினேன். பூவுக்காக இல்லை.

தேவகோட்டை, திருவாடானை தாண்டினால் செம்மண் போய் மணல் வந்துவிடும். பூங்கா என்றதும் நான் வெட்டிவிட்ட செடியும் தண்ணீர் பீச்சுகிற குழாயும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே இருந்தது காடு. பனையும் உடை மரமும் உகா மரமும் இஷ்டத்துக்கு நிற்கின்றன. நடுவில் ஒரு நடைபாதை, ஆங்காங்கே உட்காரக் கட்டை. மரங்கள் முடிகிற இடத்தில் மணல் மேடு, அதற்கு அந்தப் பக்கம் கடல். நம் பக்கத்துக் கடலுக்குச் சத்தம் கிடையாது. கண்மாய் மாதிரி சும்மா கிடக்கும்.

பிள்ளைகள் எல்லோரும் குனிந்துகொண்டே நடந்தார்கள். ஆச்சி கழுத்தில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி தொங்கும். ஒரு பூ கண்ணில் பட்டால் முழங்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். இதழ் எத்தனை, இலை எதிரெதிராக இருக்கிறதா மாறி மாறி இருக்கிறதா, தண்டில் மயிர் உண்டா என்று கேட்பார். பிள்ளைகள் சொல்லச் சொல்ல நோட்டில் ஏறும். பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பெயர் சொல்வார்.

நான் பின்னால் நின்று பார்த்தேன். எனக்கு இது புதிதாக இருந்தது. நாங்களும் செடியைத் தரம் பிரிப்போம். ஆனால் இழுத்தால் வருவது எது, அறுந்து போவது எது, வேரில் கிழங்கு விட்டுவிட்டுத் திரும்ப முளைப்பது எது, கையைக் கிழிப்பது எது என்று பிரிப்போம். பூவைப் பார்த்துப் பிரித்ததில்லை. விஷ்ணுகிராந்தியை எத்தனை ஆயிரம் பிடுங்கியிருப்பேன். அதன் நீலப் பூ காலையில் விரிந்து உச்சிக்குள் சுருங்கிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வேனில் திரும்பும்போது கண்ணை மூடினால் அந்த நீலம்தான் வந்தது. அடுத்த தடவை எப்போது என்று டிரைவரிடம் கேட்டேன், ஆச்சியிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

இரண்டாவது தடவைதான் உள்ளூர்ச் செடி, வந்தேறிச் செடி என்ற பேச்சு வந்தது. அவர்கள் நோட்டில் உள்ளூர்ச் செடி மட்டும்தான் ஏறுமாம். சீமைக் கருவேல் வெளியே இருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். ஆனால் மணலெல்லாம் பூத்துக் கிடக்கிற சுடுகாட்டு மல்லி எங்கேயோ மடகாஸ்கரிலிருந்து வந்ததாம். வெட்டுக்காயப் பூண்டு அமெரிக்காவாம். காலில் களைக்கொத்தி பட்டால் அதைத்தானே கசக்கி வைப்போம். என் அம்மாவும் அதைத்தானே வைத்தார்கள். மனசு கேட்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்தேன்.

"எத்தனை வருசம் இருந்தா ஊர்க்காரகன்னு ஒத்துக்குவீக ஆச்சி?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை, யோசித்தார். "எங்க வீட்டுத் தூணு வந்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சுக்கா. இன்னும் பர்மாத் தேக்குன்னுதான சொல்றோம்" என்றார்.

அது சரியான பதிலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும், இது எங்கிருந்து வந்தது, யார் கொண்டு வந்தார்கள் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. தும்பை ஊர்க்காரி. கொளுஞ்சி ஊர்க்காரி. உன்னிச்செடி வந்தவள். மணல் மேட்டில் படர்ந்திருக்கிற அடப்பங்கொடி ஊர்க்காரி என்றால் ஊர்க்காரி, கடல் உண்டானபோதே வந்தவள் என்றார் ஆச்சி.

நடைபாதைக்கும் மணல் மேட்டுக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு நிலம் உண்டு. நாலு பேர் கைகோத்து நிற்கிற அகலம்தான் இருக்கும். பூங்காவைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி அதைச் சமப்படுத்திப் புல்தரை போட்டு ஊஞ்சல் வைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். முளைக்குச்சி கூட அடித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். ஆச்சிக்கு அந்தத் துண்டு மேல் உயிர். மற்ற இடத்தில் மரநிழல் மூடிவிட்டது, இங்கேதான் வெயில் விழுகிறது, சின்னச் செடிக்கு இதுதான் வீடு என்று அதிகாரியிடம் நாலு தடவை மன்றாடியிருக்கிறார். அந்த மனிதரையும் குறை சொல்ல முடியாது. ஊர்ச் சின்னப் பிள்ளைகள் விளையாட இடம் கேட்கிறார்கள், அவர் என்ன செய்வார். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாராம். பூங்காவில் வேறு எங்கேயும் இல்லாமல் இந்தத் துண்டில் மட்டும் இருக்கிற ஒரு பூவை என் கண்ணால் பார்க்கிற மாதிரிக் காட்டுங்கள், போட்டோ வேண்டாம், போட்டோ எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். காட்டினால் ஊஞ்சலை அங்கிட்டுத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன் என்று.

மூன்றாவது தடவை போனது மார்கழியில். அன்றைக்கு அந்தத் துண்டில் ஆச்சி ஓரிதழ் தாமரையைக் கண்டுபிடித்தார். பெயர் எனக்குத் தெரியும், நாட்டு மருந்துக் கடையில் பொடியாக விற்பார்கள். செடியாகப் பார்த்ததில்லை என்றுதான் நினைத்தேன். ஆச்சி கையைத் தட்டினார். பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். பூங்கா முழுக்க நாலு வருசம் தேடியும் கிடைக்காதது, ஒரே ஒரு செடி, ஒரே ஒரு பூ. நான் தள்ளி நின்றேன். அத்தனை படித்த பிள்ளைகளை விலக்கிக்கொண்டு போய்ப் பார்க்க எனக்கு வெட்கம். அவர்கள் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார். நான் அன்றைக்கு வேனில் திரும்பவில்லை, தங்கச்சி வீட்டில் ஒரு வாரம் இருப்பதாக இருந்தேன். ஏறும்போது ஆச்சி என் கையைப் பிடித்தார்.

"அக்கா, அதிகாரிக்குப் போன்ல சொல்லிட்டேன், வார ஞாயித்துக்கெழமை வாராரு. முறை இல்லாட்டியும் நாங்களும் வாரோம். அதுவரைக்கும் அந்தச் செடிய ஆடு மாடு மேயாம நீங்கதான் பாத்துக்கணும். உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் தங்கச்சி வேலைக்குக் கிளம்பியபோது நானும் போனேன். காவல் ஒரு பக்கம். அந்தப் பூவை யாரும் இல்லாதபோது கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசை இன்னொரு பக்கம். வெள்ளைக் கல்லைப் பார்த்துக் குத்தவைத்து உட்கார்ந்தேன். பூ இல்லை, உதிர்ந்திருந்தது. இலையைப் பார்த்தேன். ஒடுக்கமான இலை, காம்பே இல்லாத மாதிரித் தண்டோடு ஒட்டியது. அடடே, இதுவா, இதைத் தெரியுமே என்று நினைத்தேன். எங்கள் கடலைக் காட்டில் இரண்டாம் மழைக்கு வருமே, என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது என் கையில் இருந்தது. வேரோடு. மண்ணை உதறியும் விட்டிருந்தேன்.

இதை நம்புவது கஷ்டம்தான். நான் பிடுங்க வேண்டும் என்று நினைக்கவில்லை. களைக்காரிக்குக் கண் செடியைத் தெரிந்துகொண்டால் போதும், கை தானாகப் போய்விடும். களை எடுக்க வரிசையாக நிரையில் உட்கார்ந்திருக்கும்போது யோசித்துக்கொண்டிருந்தால் பக்கத்து ஆள் முந்திப் போய்விடுவாள். அறுபது வருசம் அப்படிப் பழக்கிய கை.

மறுபடி நட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் தலை தொங்கிவிட்டது. வேரில் மண் உதறியது பிழைக்காது என்று எனக்குத் தெரியாதா. தங்கச்சி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"காவலுக்கு வச்ச ஆளப் பாரு. ஆட்டுக்குப் பயந்து உங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்காக அந்த ஆச்சி" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆடு தின்றுவிட்டது என்று சொல்லிவிடு, ஆடு வந்து இல்லையென்றா சொல்லப்போகிறது என்றாள். நானும் ஒரு ராத்திரி முழுக்க அதையே நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்னால் அதுதான் பொய். ஆனால் அந்தப் பக்கம் ஆடு வளர்ப்பது இரண்டே வீடு. ஆடு என்று நான் சொன்னால் அவர்களைத்தான் பிடிப்பார்கள். அதோடு, ஆடு மேய்ந்தது என்றால் மிச்சமும் போயிருக்கும் என்று ஆச்சி வேறு செடி தேடாமல் இருந்துவிடுவார், துண்டும் போய்விடும்.

மறுநாள் தங்கச்சி போனில் ஆச்சியைக் கூப்பிடச் சொன்னேன். ஆச்சி எடுத்தார். அக்காவா, அக்காவா என்று இரண்டு தடவை கேட்டார்.

"ஆச்சி, அந்தச் செடிய நாந்தான் புடுங்கிட்டேன். ஆடு இல்ல. பாக்கத்தான் போனேன், கை புடுங்கிருச்சு."

ஆச்சி "வேரோடயா?" என்று கேட்டார். வேரோடு என்றேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னும் இருக்கும் ஆச்சி. அது ஒத்தையா மொளைக்கிற சாதி இல்ல. நான் தேடிப் பாக்குறேன்" என்றேன்.

"பூ இல்லாம எப்படித் தேடுவீக? நாங்களே நாலு வருசமாப் பூவப் பாத்துத்தான் தேடுறோம்."

"பூவ நான் பாத்ததே இல்ல ஆச்சி. செடியத்தான் தெரியும். ரெண்டு இலையில தெரியும்."

அதைச் சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது. களையைப் பூக்க விடுவது களைக்காரிக்குக் கேவலம். பூத்து விதை விழுந்தால் அடுத்த வருசம் காட்டுக்காரர் நம்மைக் கூப்பிட மாட்டார். முளைத்ததுமே எடுத்துவிடுவோம். எத்தனை வயல், எத்தனை கொல்லை. அந்தச் செடியோடு அவ்வளவு பழக்கம் இருந்தும் அது பூக்கிறவரை நான் ஒரு தடவைகூட விட்டதில்லை. பூத்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணமே வந்ததில்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. தங்கச்சி வேலை முடிந்ததும் அவளையும் அவளோடு பெருக்குகிற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களும் ஒரு காலத்தில் களை எடுத்தவர்கள்தான். நாலு பேரும் நிரை பிடித்து உட்கார்ந்தோம், ஆளுக்கு ஒரு பாகம். பிடுங்கிய செடியை அவர்களுக்குக் காட்டினேன். இதைப் பார்த்தால் சொல்ல வேண்டும், தொடக் கூடாது என்றேன். சொன்னால் கை கேட்குமா. தங்கச்சிதான் வழி சொன்னாள், வலது கையை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னாள். அப்படியே குத்தவைத்தபடி மெல்ல நகர்ந்தோம். வந்து போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். என்ன தொலைத்தீர்கள், தோடா மூக்குத்தியா என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தலையே நிமிரவில்லை. தங்கச்சிதான், "எங்க அக்கா ஒரு பூவத் தொலைச்சுட்டா, கிடைச்சாக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

முதல் செடி எனக்கு அகப்படவில்லை, வலது கடைசியில் இருந்தவளுக்கு அகப்பட்டது. விரல் உயரம்தான். புல்லுக்குள் ஒளிந்திருந்தது. நான் முகம் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். அதுதான். பக்கத்தில் ஒரு சாண் தள்ளி இன்னொன்று. பிறகு கண் பழகிவிட்டது. இரண்டு சாயந்திரத்தில் பதினோரு செடி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் குத்தினோம். என் விளக்குமாறு மொட்டையாகிவிட்டது, நாளைக்கு நான் எதைக் கொண்டு பெருக்குவது என்று தங்கச்சி புலம்பிக்கொண்டே உருவினாள்.

ஆச்சிக்குச் சொன்னோம். சந்தோஷப்பட்டார், ஆனால் முழுக்க நம்பவில்லை என்று குரலில் தெரிந்தது. பூவைப் பார்க்காமல் நான் பெயர் எழுத முடியாதுக்கா, அதிகாரியும் பூவைத்தானே கேட்டார் என்றார். அது நியாயம். எனக்குமே சந்தேகம் வந்தது. எங்கள் காட்டில் நான் பிடுங்கியதும் இதுவும் ஒன்றுதானா? இலையை மட்டும் தெரிந்தவள் சொல்வதை வைத்து ஒரு நிலத்தைக் காப்பாற்ற முடியுமா? தினமும் விடியும் முன் போய் ஒவ்வொரு குச்சியாகப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை நாலைந்தில் மொட்டு வந்திருந்தது. சனிக்கிழமை ஒன்று திறந்தது. மஞ்சள் பூ. பொடிப்பொடியாக. போட்டோ எடுத்த அன்றைக்குப் பிள்ளைகள் ரோஸ், ரோஸ் என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. மத்தியானம் இன்னொன்று, அதுவும் மஞ்சள். அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்தது. அதிகாரியும் வந்தார், நிலம் அளக்க டேப் பிடிக்கிற ஆளும் கூட வந்தார். நான் உகா மரத்தடியில் தங்கச்சிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆச்சி முதல் குச்சியில் முழங்காலிட்டார், மஞ்சள். தலையை ஆட்டினார். இலை அப்படியே ஒன்று போல இருக்கிறது, யாரும் ஏமாந்துதான் போவார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். இங்கிலீஷிலோ வேறு எதிலோ ஒரு பெயர் சொன்னார். இரண்டாவது, மொட்டு. மூன்றாவது, மஞ்சள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஐந்தாவது குச்சியில் ஆச்சி குனிந்தவர் நிமிரவேயில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டி என்னைக் கூப்பிட்டார். தங்கச்சி என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

ஒரே ஒரு இதழ், கீழே தொங்குகிறது, கன்றுக்குட்டி நாக்கை நீட்டின மாதிரி. வெறும் கண்ணுக்கு அவ்வளவுதான். கண்ணாடியில் பார்த்தால் மேலே இன்னும் நாலு இதழ், மணல் பருமன், மடங்கி ஒளிந்திருக்கிறது. ஓரிதழ் இல்லை, ஐந்திதழ். பெயர் வைத்தவர்களும் என்னைப் போலக் கண்ணாடி இல்லாதவர்கள் போலும். நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அதிகாரி பின்னால் காத்துக்கொண்டிருக்கிறார் என்பதே மறந்துவிட்டது. அவர்தான் "அம்மா, நானும் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டார்.

அப்புறம் ஒன்பதாவது குச்சியிலும் ஒரு பூ இருந்தது. அதிகாரி இரண்டையும் பார்த்தார். பூ இல்லாமல் இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். வழக்கமாகப் பிடுங்குகிறதுதானே என்றாள் தங்கச்சி. அவர் சிரித்துவிட்டு, டேப் பிடிக்கிற ஆளைக் கூப்பிட்டு முளைக்குச்சியைப் பிடுங்கச் சொன்னார். இந்த வருசத்துக்கு ஊஞ்சல் வாசல் பக்கம் போகட்டும், அடுத்த மழைக்கு மறுபடியும் பார்ப்போம் என்றார். ஆச்சி அதற்கு, அடுத்த மழைக்கு இன்னும் நிறைய இருக்கும் என்றார். அது எனக்கும் தெரியும். பூக்க விட்டால் விதை விழும்.

எழுதி முடித்துவிட்டேன். ஆனால் சில விஷயம் எனக்கே நிச்சயமில்லை. மஞ்சளாகப் போனது மூன்று குச்சியா நாலா என்று மறந்துவிட்டது. ஓரிதழ் தாமரைப் பூவின் நிறம் எனக்கு நாவல்பழம் கழுவின தண்ணீர் மாதிரி தெரிந்தது, பிள்ளைகள் ரோஸ் என்கிறார்கள். எனக்கு ஒரு கண்ணுக்குத்தான் புரை எடுத்திருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் நிறம் வேறு வேறாகத் தெரியும். அந்த மஞ்சள் பூவுக்குத் தமிழில் பெயர் உண்டா என்பதும் தெரிய வேண்டும். வெட்டுக்காயப் பூண்டு அமெரிக்காதானா என்பதையும் விவரம் தெரிந்த யாராவது புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்த்து, தப்பாக இருந்தால் அடித்துத் திருத்திவிடுங்கள்.